கதவைத் தட்டும் பிள்ளையின் கையில் எதை வைப்பீர்கள்?

ஒக்டோபர் மாதத்தின் கடைசி நாள். பொழுது சாய்ந்து இருள் கவியும் நேரம். கனடாவிலோ ஐக்கிய அமெரிக்காவிலோ உள்ள ஒரு குடியிருப்புத் தெருவைக் கற்பனை செய்து பாருங்கள். வீட்டு வாசல்கள் தோறும் பூசணிக்காய்கள். அவற்றைக் குடைந்து, கண்ணும் வாயும் வெட்டி, உள்ளே விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள். பேயாகவும் பூனையாகவும் விண்வெளி வீரராகவும் வேடமிட்ட சிறுவர் சிறுமியர் கையில் பையுடன் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுகிறார்கள். "இனிப்புத் தருகிறீர்களா, அல்லது குறும்பு செய்யட்டுமா?" என்பது அவர்கள் கேட்கும் கேள்வி. வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே அவர்களது பைகளில் சொக்லட்டையும் டொபியையும் போடுகிறார். இதுதான் ஹலோவீன் இரவு.

இந்தப் பிள்ளைக் கூட்டத்தில் ஒரு சிறுமியை மட்டும் தனியே கவனியுங்கள். அவளுக்குக் கச்சான் ஒத்துவராது. பாலும் ஒத்துவராது. மற்றப் பிள்ளைகளைப் போலவே அவளும் இருபது வீடுகளின் படியேறி இறங்குகிறாள். ஆனால் வீடு திரும்பியதும் அவளுடைய தாய் பையைக் கொட்டி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இது கூடாது மகள், இதுவும் கூடாது" என்று ஒதுக்கிக்கொண்டே போகிறார். முடிவில் சிறுமியின் முன்னால் மிஞ்சுவது இரண்டோ மூன்றோ டொபிகள்தான். சில வேளைகளில் அதுவும் இல்லை.

ஹலோவீன் நமது பண்டிகையல்ல. அதில் நம் பிள்ளைகள் கலந்துகொள்ளலாமா என்பது இக்கட்டுரையின் விடயமுமல்ல. ஆனால் நம்மவர்களின் குடும்பங்கள் பல இன்று அந்நாடுகளில் வாழ்கின்றன. அவர்களது கதவைத் தட்டுவது அயல்வீட்டுப் பிள்ளை. அந்தப் பிள்ளையின் கையில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அங்குள்ள தாய்மார்கள் கண்ட விடை, இங்கே இலங்கையிலிருக்கும் நமக்கும் பயன்படக்கூடியது. எனவே சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

ஒவ்வாமை என்பது செல்லம் அல்ல

"எங்கள் காலத்தில் இப்படியொன்றும் இருக்கவில்லையே! எல்லாவற்றையும் தின்றுதானே வளர்ந்தோம்?" என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் கேட்பதுண்டு. உணவு ஒவ்வாமை என்பது பிள்ளையின் பிடிவாதமோ தாயின் செல்லமோ அல்ல. நம் உடலின் நோய் எதிர்ப்புச் சக்தி, கிருமியை எதிர்க்க வேண்டிய ஆயுதத்தை ஒரு சாதாரண உணவின் மீது திருப்பிவிடுகிறது. கச்சானிலோ பாலிலோ உள்ள புரதத்தைப் பகைவன் எனத் தவறாக எண்ணி உடல் போரிடத் தொடங்குகிறது. அதன் விளைவாகத் தோலில் தடிப்பு, உதடும் முகமும் வீங்குதல், வாந்தி, இருமல், மூச்சிழுப்பு ஆகியவை உண்டாகலாம். நிலைமை கடுமையானால் தொண்டை அடைத்து, இரத்த அழுத்தம் வீழ்ந்து, உயிருக்கே ஆபத்து நேரும். இக்கடுமையான நிலையை வைத்தியர்கள் அனஃபிலக்ஸிஸ் என்பார்கள். அதற்கு ஒரு பிடி கச்சான் வேண்டியதில்லை. சிலருக்கு ஒரு சிறு துணுக்கே போதும்.

ஐக்கிய அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பின்படி, 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 6 பேருக்கு உணவு ஒவ்வாமை உள்ளது. ஒரு வகுப்பறைக்கு ஒருவர் அல்லது இருவர் என்று கொள்ளலாம்.

அந்நாட்டுச் சட்டம் ஒன்பது உணவுகளை முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிப்பிடுகிறது. பால், முட்டை, மீன், இறால் நண்டு வகைகள், கஜு வாதுமை போன்ற மரப் பருப்புகள், கச்சான், கோதுமை, சோயா, எள் என்பனவே அவை. முதல் எட்டும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றன. எள் 2021இல் நிறைவேறிய சட்டத்தினால் சேர்க்கப்பட்டு, 2023 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. எள்ளுருண்டை தின்று வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். நம் சமையலறையில் நீங்காத இடம்பெற்ற தேங்காயும் அந்நாட்டில் மரப் பருப்புகளின் பட்டியலில் நீண்ட காலம் வைக்கப்பட்டிருந்தது. 2025இல்தான் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.

இப்போது ஹலோவீன் பையினுள் வழக்கமாக விழும் பண்டங்களை எண்ணிப் பாருங்கள். ஸ்னிக்கர்ஸில் கச்சானும் பாலும் உண்டு. ரீசஸ் கிண்ணங்களில் உள்ளதும் கச்சான் களிதான். கிட்கெட், ட்விக்ஸ் ஆகியவற்றில் பாலுடன் கோதுமையும் சேர்ந்திருக்கிறது. மேலே சொன்ன ஒன்பதில் நான்கைந்து ஒரே பைக்குள் வந்துவிடுகின்றன.

சிறிய பொதியில் மறைந்திருக்கும் ஆபத்து

"லேபலை வாசித்துவிட்டுக் கொடுத்தால் போயிற்று" என்று நீங்கள் நினைக்கலாம். ஹலோவீன் காலத்தில் அது அவ்வளவு எளிதல்ல. அந்நாட்களில் விற்பனையாவது ஒரு வாய்க்குள் அடங்கும் குட்டிப் பொதிகள். பெரிய பையின் வெளிப்புறத்தில் சேர்மானங்கள் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளேயிருக்கும் குட்டிப் பொதியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே இருக்கும். பிள்ளையின் கைக்கு வருவது அந்தக் குட்டிப் பொதிதான். பெரிய பையோ கொடுத்தவர் வீட்டுக் குப்பைத் தொட்டியில் கிடக்கும்.

அது மாத்திரமன்றி, ஒரே பெயருடைய சொக்லட்டின் பெரிய கட்டியும் குட்டிப் பொதியும் வெவ்வேறு இயந்திரங்களில், சில வேளை வேறு சேர்மானங்களுடன் தயாராகலாம். பெரியதைத் தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்குச் சிறியது தீங்கு செய்யலாம். "கச்சான் கலந்திருக்கக்கூடும்" என்ற எச்சரிக்கை வாசகத்தை அச்சிடுவது அமெரிக்காவில் கட்டாயமில்லை. ஆகவே அவ்வாசகம் இல்லை என்பதற்காக ஆபத்தும் இல்லை என்று கொள்ள முடியாது.

பெயர்களும் ஏமாற்றும். அமெரிக்காவில் ஸ்மார்ட்டீஸ் என்ற பெயரில் விற்கப்படுவது வெறும் சீனி வில்லைகள். அதில் அந்த ஒன்பது பொருள்களும் இல்லை என்று தயாரிப்பாளர் அறிவிக்கிறார். கனடாவிலும் இங்கிலாந்திலும் அதே பெயரில் கிடைப்பதோ பால் சேர்ந்த சொக்லட் மணிகள். அமெரிக்க ஸ்மார்ட்டீஸைக் கனடாவில் ரொக்கெட்ஸ் என்ற பெயரில் விற்கிறார்கள். அமெரிக்காவிலுள்ள சாச்சி தொலைபேசியில் "ஸ்மார்ட்டீஸ் நல்லது" என்று சொன்னதைக் கேட்டு, கனடாவிலுள்ள மாமி கடையில் அதையே வாங்கினால் என்னவாகும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இது வெறும் அச்சமல்ல என்பதைக் கனடாவின் ஆய்வொன்று காட்டியது. 2011 முதல் 2020 வரை நான்கு மாகாணங்களில் வைத்தியசாலைகளுக்கு அனஃபிலக்ஸிஸுடன் கொண்டுவரப்பட்ட 1390 பிள்ளைகளின் விபரங்களை அது ஆராய்ந்தது. கச்சானாலும் இன்னதென்று அறியப்படாத பருப்புகளாலும் உண்டான கடும் ஒவ்வாமை, ஆண்டின் ஏனைய நாட்களைவிட ஹலோவீன், ஈஸ்டர் ஆகிய காலங்களில் அதிகரித்திருந்தது. நத்தார், தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹஜ்ஜுப் பெருநாள் ஆகிய நாட்களையும் அவர்கள் பார்த்தார்கள். அந்நாட்களில் அத்தகைய அதிகரிப்புக் காணப்படவில்லை. இதற்கு ஒரு காரணத்தை நாம் ஊகிக்கலாம். உறவினர் வீட்டில் பிள்ளைக்கு என்ன ஒத்துவராது என்பது தெரியும். ஹலோவீன் இரவில் இனிப்புக் கொடுப்பவர் பிள்ளையை அறியார், பிள்ளையின் பெற்றோரையும் அறியார்.

ஒரு தாயின் யோசனை: நீலப்பச்சைப் பூசணிக்காய்

2012ஆம் ஆண்டு. அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், உணவு ஒவ்வாமையுள்ள பிள்ளையின் தாய் ஒருவர், தம்மைப் போன்ற பெற்றோர் சேர்ந்து நடத்திய உள்ளூர்க் குழுவின் மூலம் ஒரு சிறு காரியத்தைத் தொடங்கினார். வாசலில் வைக்கும் பூசணிக்காய்க்கு மயிலின் கழுத்தைப் போன்ற நீலப்பச்சை வர்ணம் பூசினார். உணவு ஒவ்வாமை பற்றிய விழிப்புணர்வுக்கு உரிய நிறம் அது. "இந்த வீட்டில் உண்ணும் பொருளல்லாத பரிசும் உண்டு, அஞ்சாமல் வாருங்கள்" என்பது அதன் பொருள்.

ஃபெயார் எனச் சுருக்கமாக அழைக்கப்படும் உணவு ஒவ்வாமை அமைப்பு 2014இல் இதனை நாடு முழுவதற்குமான இயக்கமாக்கியது. அது வைக்கும் நிபந்தனை மிகவும் எளியது. இனிப்புக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. இனிப்புகளை ஒரு கிண்ணத்திலும், பரிசுப் பொருள்களை இன்னொரு கிண்ணத்திலும் வையுங்கள் என்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. வரும் பிள்ளைகளுக்கு விரும்பியதை எடுக்க இடங்கொடுங்கள். ஒவ்வாமையுள்ள பிள்ளையை எல்லோர் முன்னிலையிலும் "நீ நோயாளியா?" என்று கேட்க வேண்டிய தேவையே எழாது. நீரிழிவு உள்ள பிள்ளையும், கோதுமைப் புரதம் ஒத்துவராத பிள்ளையும் அதே கிண்ணத்தில் கைவைக்கலாம்.

பிள்ளைகள் ஏமாற்றமடைவார்களா?

"சொக்லட் இருக்கும்போது எந்தப் பிள்ளை பென்சிலை எடுக்கும்?" இக்கேள்வி நியாயமானதுதான். இதற்கு விடை காண யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு ஹலோவீன் இரவில் சோதனை நடத்தினார்கள். கதவைத் தட்டிய 3 முதல் 14 வயது வரையான 284 பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு தட்டுகளை நீட்டினார்கள். ஒன்றில் டொபி வகைகள். மற்றதில் சிறு விளையாட்டுப் பொருள்கள், ஸ்டிக்கர்கள், பென்சில்கள், இருளில் ஒளிரும் பூச்சிப் பொம்மைகள். ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளையே எடுத்தார்கள். 2003இல் வெளியான இவ்வாய்வு, இனிப்பில்லாவிட்டால் பிள்ளை வாடிவிடும் என்பது பெரியவர்களாகிய நமது எண்ணமே என்பதை உணர்த்துகிறது.

எவற்றைக் கொடுக்கலாம்?

* பென்சில், அழிறப்பர், அடிமட்டம், வர்ணக் கட்டிகள், சிறு குறிப்புப் புத்தகம். பாடசாலைக்கும் உதவும்.
* ஸ்டிக்கர்கள், புத்தக அடையாள அட்டைகள், சிறு புதிர்த் தாள்கள்.
* சவர்க்கார நுரைக் குமிழி ஊதும் குப்பி, தரையில் கீறும் வர்ணச் சுண்ணக்கட்டி.
* ஒளிரும் கைவளையல்கள். இருளில் வீதியைக் கடக்கும் பிள்ளை வாகன ஓட்டுநரின் கண்ணில் படுவதற்கும் இவை உதவும். கடித்தால் உள்ளேயுள்ள திரவம் வாயை எரிக்கும் என்று சொல்லிக் கொடுங்கள்.

இவற்றிலும் அவதானம் தேவை. பிள்ளைகள் பிசைந்து விளையாடும் பிளேடோ என்னும் வர்ணக் களியில் கோதுமை இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. பலூன்களில் உள்ள இறப்பரும் சிலருக்கு ஒவ்வாது. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கையில் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பந்து, மணி போன்றவற்றைக் கொடுக்கவே கூடாது. சிறு காந்தங்களும், பொத்தான் வடிவ பற்றரி கழன்று வரக்கூடிய பொம்மைகளும் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அத்தகைய பற்றரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.

உண்ணக் கொடுப்பதானால்

உண்ணும் பொருளைத்தான் கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் வழியுண்டு. முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். 2 முதல் 18 வயது வரையான பிள்ளைகளுக்கு, உணவில் சேர்க்கப்படும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க இருதய சங்கம் 2016இல் அறிவுறுத்தியது. ஏறத்தாழ ஆறு தேக்கரண்டி. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சேர்த்த சீனியே வேண்டாம் என்றும் அது கூறியது. ஹலோவீன் பை நிறைய இனிப்புடன் வரும் பிள்ளை இந்த அளவை எவ்வளவு விரைவாகக் கடந்துவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"அப்படியானால் உலர்ந்த திராட்சை கொடுக்கலாமே, அது இயற்கை உணவல்லவா?" என்று பலர் நினைக்கிறார்கள். அதில் நார்ச்சத்து உண்டு என்பது உண்மை. ஆனால் அதன் நிறையில் பாதிக்கு மேல் சீனிதான். பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்கவும் செய்யும். பற்களைப் பொறுத்தவரை, எவ்வளவு தின்றோம் என்பதைவிட அது எவ்வளவு நேரம் வாயில் தங்கியது என்பதே முக்கியம். அதனால் ஒட்டும் டொபியும், நெடுநேரம் சூப்பும் இனிப்பும், வாயில் சட்டெனக் கரையும் சொக்லட்டைவிடப் பல்லுக்குக் கேடானவை. புளிப்பு மிட்டாய்களின் அமிலம் பல்லின் மேற்படையையும் கரைக்கும்.

பழங்களே சிறந்தவை அல்லவா? ஆம். சிறிய தோடம்பழத்தின் தோலில் மையினால் கண்ணும் வாயும் வரைந்து, பூசணிக்காயைப் போலாக்கிக் கொடுக்கும் தாய்மார்களும் உண்டு. பாடசாலை விருந்துக்கும் தெரிந்தவர் வீட்டுக்கும் இது மிக நல்லது. ஆனால் தெருவில் வரும் பிள்ளைக்குப் பொதியிடாத எதைக் கொடுத்தாலும், அதன் பெற்றோர் பெரும்பாலும் எறிந்துவிடுவார்கள். அந்நியர் இனிப்பில் நஞ்சு கலந்து கொடுக்கிறார்கள் என்ற அச்சம் அந்நாட்டில் பல தசாப்தங்களாக நிலவுகிறது. சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதலான செய்திகளைத் தேடி ஆராய்ந்து, அந்நியர் ஒருவர் இவ்வாறு நஞ்சூட்டிப் பிள்ளையைக் கொன்றதாக உறுதிசெய்யப்பட்ட சம்பவம் ஒன்றுகூட இல்லை என்று கண்டார். 1974இல் டெக்சாஸில் நஞ்சூட்டப்பட்ட இனிப்பினால் ஒரு சிறுவன் இறந்தது உண்மை. ஆனால் நஞ்சு கலந்தவர் அந்நியரல்ல, காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனது சொந்தத் தந்தை. இல்லாத நஞ்சுக்கு அஞ்சும் சமூகம், கச்சான் துணுக்கைப் பற்றி அவ்வளவு எண்ணுவதில்லை என்பதுதான் வேடிக்கை.

ஒன்பது பொருள்களும் இல்லாதவை எனத் தயாரிப்பாளரே அறிவிக்கும் இனிப்புகளும் கடைகளில் உண்டு. அமெரிக்காவில் டம்டம்ஸ் என்னும் குச்சி மிட்டாய் அதற்கோர் உதாரணம். எனினும் சேர்மானம் மாறக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறையும் லேபலை வாசிப்பது அவசியம். கறுப்புச் சொக்லட்டில் பால் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். பாலில்லை என்று எழுதப்பட்ட கறுப்புச் சொக்லட்டுகள் சிலவற்றிலும் பால் இருந்ததை அமெரிக்க உணவுக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதனைகளில் கண்டிருக்கிறது. மெல்லும் டொபிகளைப் பொறுத்தவரை, ஜெலட்டின் எந்த விலங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் நம்மவர்கள் பார்க்க வேண்டிய விடயம்.

நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடினமான மிட்டாய், முழுப் பருப்புகள், சோளப்பொரி ஆகியவற்றைக் கொடுக்காதீர்கள். மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும்.

ஒவ்வாமையுள்ள பிள்ளையின் பெற்றோருக்கு

* வீட்டுக்கு வந்து பெரியவர் ஒருவர் பார்க்கும் வரை எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதைப் பிள்ளைக்குப் பழக்குங்கள். வெறும் வயிற்றுடன் அனுப்பாமல் இரவுணவைக் கொடுத்து அனுப்பினால் இது எளிதாகும்.
* எபிநெப்ரின் தானியங்கி ஊசி இரண்டு எப்போதும் உடனிருக்க வேண்டும். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அதுவே. சாதாரண அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசி ஏற்றிய பின் பிள்ளை தேறிவிட்டாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். சில மணி நேரத்தின் பின் மீண்டும் வரலாம்.
* கிருமி நீக்கித் திரவம் கச்சானின் புரதத்தை அகற்றாது. கைகளைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவுங்கள்.
* ஆகாத இனிப்புகளைப் பறிக்காதீர்கள். மாற்றிக் கொடுங்கள். பத்து டொபிக்கு ஒரு கதைப் புத்தகம் என்று பிள்ளையிடம் பேசித் தீர்க்கலாம். பிள்ளைகளிடம் இனிப்புகளை நிறுத்து விலைக்கு வாங்கும் பல் வைத்தியர்களும் அமெரிக்காவில் இருக்கிறார்கள்.

ஒவ்வாமை எதுவுமில்லாத பிள்ளையின் தாய் இவற்றை வாசித்து அஞ்சிவிட வேண்டாம். லண்டனில் 640 கைக்குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2015இல் வெளியிடப்பட்ட ஆய்வு, ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குங்கூட, முதலாண்டிலிருந்தே கச்சான் உணவைப் பழக்கியபோது கச்சான் ஒவ்வாமை பெருமளவு குறைந்ததைக் காட்டியது. இதனை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். கடும் தோலழற்சியோ முட்டை ஒவ்வாமையோ உள்ள குழந்தையாயின் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். முழுக் கச்சானைக் கைக்குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்கலாகாது.

நமது வாசலில்

நமது வீடுகளிலும் கதவைத் தட்டும் பிள்ளைகள் உண்டு. பெருநாளன்று புத்தாடையுடன் அயலவர் வீட்டுக்கும் உறவினர் வீட்டுக்கும் வரும் பிள்ளைகளுக்கு வட்டிலப்பமும் மஸ்கத்தும் தொதலும் வைக்கிறோம். வட்டிலப்பத்தில் முட்டையும் கஜுவும், மஸ்கத்தில் கோதுமையும் கஜுவும் இருப்பது நமக்குத் தெரியும். வருகின்ற பிள்ளைக்கு அவை ஒத்துவருமா என்பது தெரியுமா? பிறந்தநாள் விருந்து முடிவில் எல்லோர் கையிலும் ஒரே மாதிரி டொபிப் பையைத் திணிக்கிறோம். ஒரு பிள்ளை அதை வாங்கிக்கொண்டு தாயின் முகத்தைப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறோமா?

"பிள்ளைக்கு ஏதாவது ஒத்துவராததுண்டா?" என்ற ஒரு கேள்வியைப் பிள்ளையின் தாயிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பிள்ளை "வேண்டாம்" என்றால், "ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது" என்று வற்புறுத்தாதீர்கள். நமது உபசரிப்பில் மிகவும் ஆபத்தான வசனம் அதுதான்.

பரிசுக் கிண்ணம் நமக்குப் புதிதுமல்ல. பெருநாள் காசு என்று சொல்லிப் பிள்ளைகளின் உள்ளங்கையில் நாணயத்தை வைத்து மூடிய பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். அந்தக் காசில் கச்சானும் இல்லை, பாலும் இல்லை. எந்தப் பிள்ளையும் வெறுங்கையுடன் திரும்பவுமில்லை. டெனசியில் ஒரு தாய் பூசணிக்காய்க்கு வர்ணம் பூசிச் சொல்ல விரும்பியதும் இதைத்தான். அடுத்த முறை உங்கள் கதவைத் தட்டும் பிள்ளைக்காக, இனிப்புத் தட்டின் அருகில் இன்னொரு சிறு தட்டையும் வைத்துப் பாருங்கள்.